போர்டில் இருக்கும் டாக்டர் பதிவேட்டில் இருக்கிறாரா? ஒரு நம்பரை வைத்தே கண்டுபிடிக்கலாம்!

விருத்தாசலம்:

செராமிக் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வரும் தொழிலாளிக்கு இருமல் வந்தால் அவர் முதலில் போவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல. தெருமுனையில் இருக்கிற கிளினிக்குக்குத்தான். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்ற நினைப்பு. அங்கே உட்கார்ந்திருப்பவர் நிஜமாகவே டாக்டர்தானா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக் கொள்வாரோ என்ற பயம் வேறு.

கேட்கவே தேவையில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

ஆங்கில மருத்துவம் பார்க்கும் டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், பணம் வாங்கியதற்கான ரசீது எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு கொண்டு வரப்பட்ட மருத்துவ ஒழுங்கு விதி. நம்ம ஊரில் கலர் கலராக போர்டு வைக்கிறார்கள், பெயருக்குப் பின்னால் நாலைந்து பட்டம் போடுகிறார்கள். நம்பரைத்தான் காணோம்.

சென்னை அரும்பாக்கத்தில்...

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். இதன் ஆபீஸ் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. 1914-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின்படி தொடங்கிய பதிவேடு அது. சித்தா, ஆயுர்வேதா, ஹோமியோபதி படித்தவர்களுக்கு வேறு கவுன்சில்கள், வேறு பதிவேடுகள். முறையாகக் கல்லூரியில் படித்துப் பதிந்த சித்த மருத்துவரைப் போலி என்று சொல்லக் கூடாது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்தான் போலி.

மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். செல்போன் இருந்தால் 2 நிமிட வேலை. காசு கிடையாது.

அடுத்தவர் நம்பரில் 'டாக்டர்'

ஆனால் நம்பர் இருப்பதாலேயே நம்பி விடக் கூடாது. போலிகள் வேறொரு டாக்டரின் நம்பரைத் தூக்கிப் போட்டுக் கொள்வது உண்டு. இங்கேதான் நம்ம ஊர்ப் பெயர்கள் அவர்களுக்குக் கை கொடுக்கின்றன. வடநாட்டில் குடும்பப் பெயர் இருக்கும். நமக்கு இனிஷியல்தான். ஒரே இனிஷியலில் எத்தனை முருகன், எத்தனை செந்தில்குமார்! அதிலும் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவது போல இன்னொருவர் எழுதுவதில்லை. இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். பட்டியலில் பெயரைத் தேடினால் ஒன்றுமே வராமலும் போகலாம், அதே பெயரில் வரிசையாக ஆட்கள் வந்து நிற்கவும் செய்யலாம்.

அதனால் நம்பரைப் போட்டுத் தேடுவதே சரி. வருகிற பெயரோடு போர்டில் இருக்கிற பெயர் ஒத்துப் போகிறதா, எந்த வருஷம் பதிந்திருக்கிறார், என்ன பட்டம் என்று பார்க்க வேண்டும். 30 வயது ஆசாமி 1978-ல் பதிந்த நம்பரை வைத்திருந்தால் கணக்கு இடிக்கும் அல்லவா?

பிடிபட்டால் என்ன தண்டனை? பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். 1,000 ரூபாய்க்கு எவன் பயப்படுவான்? 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அந்த அபராதத்தை 5 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு.

பட்டியலே பழசு!

போலிகள் ஒரு பக்கம் இருக்க, பதிவேட்டிலேயே ஒரு சிக்கல் உண்டு. பெயர் ஏறுகிற வேகத்தில் இறங்குவதில்லை. டாக்டர் இறந்து போனால் அவர் குடும்பத்தார் முதல் வேலையாகக் கவுன்சிலுக்கா சொல்லப் போகிறார்கள்? வெளிநாட்டில் போய் குடியேறியவர், தொழிலையே விட்டவர் பெயரும் அப்படியே கிடக்கும். ஒரு மாநிலத்தில் பதிந்து இன்னொரு மாநிலத்திலும் பதிந்தவர் இரண்டு பேராகத் தெரிவார்.

இது மத்திய அரசுக்கும் தெரியும். 2024-ல் நாடு முழுக்கப் பதிந்திருந்த ஆங்கில மருத்துவர்கள் 13 லட்சத்து 86 ஆயிரம் பேர். எத்தனை மக்களுக்கு ஒரு டாக்டர் என்று பாராளுமன்றத்தில் கணக்கு சொல்லும்போது, இதில் 80 சதவீதம் பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று அரசே ஒரு உத்தேசமாக வைத்துக் கொள்கிறது. அதாவது சுமார் 2 லட்சத்து 77 ஆயிரம் பெயர்கள் ஏட்டில் இருந்தும் கணக்கில் இல்லை. ரேஷன் கார்டில் செத்தவர் பெயர் இருந்தால் நம்மிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்!

இதைச் சரி செய்யத்தான் 2024 ஆகஸ்டு மாதம் தேசிய மருத்துவப் பதிவேடு என்ற புதிய இணையதளத்தை மத்திய சுகாதார மந்திரி ஜே.பி.நட்டா தொடங்கி வைத்தார். ஆதார் மூலம் ஆளை உறுதி செய்து ஒவ்வொரு டாக்டருக்கும் தனி எண் கொடுப்பது திட்டம். மாநிலக் கவுன்சிலும் படித்த கல்லூரியும் சரி பார்த்த பிறகுதான் எண் கிடைக்கும். டாக்டர்கள் ஏற்கனவே ஒரு முறை பதிந்தவர்கள். மறுபடியும் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும் என்றால் சலிப்பு வரத்தானே செய்யும்? தொடங்கிப் பல மாதங்கள் ஆகியும் சேர்ந்தவர்கள் சிறு பங்குதான்.

கிளினிக்குக்கும் பதிவு

டாக்டர் மட்டுமல்ல, இடமும் பதிய வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்து விட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். இடையில் 21 வருஷம். இப்போது கிளினிக், லேப், நர்சிங் ஹோம் எல்லாம் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்து சான்றிதழை மாட்டி வைக்க வேண்டும். ஸ்கேன் மையங்களுக்கு 1994-ம் ஆண்டு சட்டப்படி இன்னொரு பதிவும் தேவை.

பீங்கான் தொழிலாளிகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. களிமண், குவார்ட்ஸ் பொடியில் இருக்கும் சிலிக்கா தூசு வருஷக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். இருமல், மூச்சிரைப்பு, உடம்பு மெலிவது என்று பார்ப்பதற்கு டி.பி. மாதிரியே இருக்கும். எக்ஸ்ரே எடுத்து, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இது அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களில் ஒன்று. நஷ்டஈடு கேட்டுப் போகும் தொழிலாளியிடம் பதிந்த டாக்டர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். ஊசி போட்டு அனுப்பிய போலி எழுதிய சீட்டு எந்த ஆபீசிலும் செல்லாது. போன வருஷங்களும் திரும்ப வராது.

காப்பீட்டு அட்டை எங்கே செல்லும்?

இன்னொரு பட்டியலும் இருக்கிறது. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளின் பட்டியல். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 'காப்பீடு உண்டு' என்று வாசலில் போர்டு இருந்தாலே எல்லா வியாதிக்கும் உண்டு என்று ஜனங்கள் நினைத்து விடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குத்தான் அனுமதி. எலும்பு ஆபரேஷனுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இருதய ஆபரேஷனுக்கு அட்டை செல்லாமல் போகலாம். நெஞ்சு வலியோடு ஆளைச் சேர்த்த பிறகு கவுண்டரில் இதைக் கேட்டால், நகையை அடகு வைக்க ஓட வேண்டியதுதான்.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே மூத்த குடிமக்களுக்கான காப்பீட்டுக் கம்பெனிகளின் டாக்டர் பட்டியலை அரசே சோதித்தது. 2018-ல் வெளியான அறிக்கையின்படி, சோதித்த இடங்களில் 48.74 சதவீதத்தில் ஏதாவது ஒரு தவறு இருந்தது. டாக்டர் அந்த முகவரியில் இல்லை, போன் நம்பர் தப்பு, புது நோயாளியைப் பார்ப்பதில்லை என்று பல ரகம். இப்படிப் பேருக்கு மட்டும் இருக்கும் பட்டியலை அங்கே 'பேய்ப் பட்டியல்' என்றே சொல்கிறார்கள். தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் 90 நாளுக்கு ஒரு முறை பட்டியலைச் சரி பார்க்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

இங்கே சரி பார்ப்பது நம் கையில்தான். முடிவு செய்த ஆபரேஷனாக இருந்தால் சேருவதற்கு முன்பே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசி, ஆஸ்பத்திரி பெயரையும் சிகிச்சையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்க வேண்டும். கிளினிக் மீது சந்தேகம் இருந்தால் கடலூரில் உள்ள மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதை மெடிக்கல் ஷாப்பிலேயே விட்டு விட்டு வந்து விடுகிறார்கள்.