வானொலியலைவழித் தொலைக்கண்காணிப்பும் அதன் வாயிலும்

ஒரு தொழிற்சாலையின் பொறிகள் யாவும் ஒரே கூரையின்கீழ் அமைவதில்லை. நீர்த்தாங்கி ஒரு மூலையிலும், நீரிறைக்கும் பம்பி மற்றொரு மூலையிலும் இருத்தல் கூடும். அவற்றின் அமுக்கம், வெப்பநிலை, நீர்மட்டம் முதலியவற்றை அறிதற்பொருட்டு ஓர் ஊழியர் சுற்றிவருதல் நெடுநாளைய வழக்கம். அவர் பார்த்துச் சென்ற மறுகணமே பம்பி நின்றுவிடின், அவர் மீண்டு வரும்வரை அதனை அறிவார் இலர். இக்குறையை நீக்க எழுந்ததே வானொலியலைவழித் தொலைக்கண்காணிப்பாகும்.

இத்துறையிற் பெருவழக்காயுள்ள முறைகளுள் ஒன்று லோறா என்பது. பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் தோன்றிய இம்முறையை 2012ஆம் ஆண்டிற் செம்ரெக் என்னும் அமெரிக்க நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. 2015இல் இதன் வலையமைப்புக்குரிய பொதுவிதிகள் வெளியாயின. இதன் வேகம் குறைவு. ஆயினும் இரைச்சலினும் நலிந்த குறியைப் பிரித்தறியும் ஆற்றல் இதற்குண்டு. சிறு பற்றறி ஒன்றைக்கொண்டே உணர்கருவி பல்லாண்டு இயங்கும்.

வாயில் எனப்படுவது உணர்கருவிகளுக்கும் மையக் கணினிக்கும் இடைநிற்கும் கருவி. செய்தியின் உள்ளீடு மறைகுறியாய் வருதலின் அதனை வாயில் படிப்பதில்லை. எட்டு அலைவழிகளில் ஒருங்கே செவிசாய்த்து, கேட்டதைக் கணினிக்கு அனுப்புவதே அதன் கடன். ஒரே செய்தியை இரு வாயில்கள் கேட்பினும், மிகையானதைக் கணினி தள்ளிவிடும். ஆதலின் குறி எட்டாத மூலைக்கு மற்றுமொரு வாயிலை அமைத்தல் எளிது.

வாயிலை நிறுவுமிடத்து ஏரியலே முதன்மையானது. உலோகச் சுவர்கள் மறையாத உயரத்தில் அதனை நாட்டுதல் வேண்டும். நீண்ட வடம் குறியைத் தேய்க்குமாதலின் வடம் குறுகியிருத்தல் நன்று. மின்னலுக்குக் காப்பும் புவித்தொடுப்பும் இன்றியமையாதன. ஏரியலை இணைத்த பின்னரே மின்னை வழங்கவேண்டும். இன்றேல் அலைபரப்பும் பகுதி பழுதுறக்கூடும்.

ஐரோப்பாவில் 868 மெகாஹேட்சு வரிசையின் வழக்கமான அலைவழிகளில் ஒரு கருவி மணிக்கு 36 செக்கன் மாத்திரமே பேசலாம். மிக மெதுவான வேகத்திற் சிறு செய்தியொன்று ஏறத்தாழ 1.5 செக்கன் கொள்ளும். விரைந்த வேகத்தில் 0.06 செக்கன் போதும். வாயில் நல்லிடத்து அமையின் விரைந்த வேகமே போதுமாகும், பற்றறியும் நீடிக்கும். ஒவ்வொரு செய்திக்கும் வாயில் மறுமொழி கூறுமாறு அமைத்தல் நன்றுபோலத் தோன்றும். ஆயின் பெரும்பாலான வாயில்கள் பேசும்போது கேளா. ஒன்றுக்கு விடையிறுக்குங்கால் ஏனையவை இழக்கப்படும்.

அபாயம் நேரும்போது மாத்திரம் செய்தி அனுப்புமாறு அமைப்பதும் தவறாகும். செய்தி வாராமை நலத்தைக் குறிக்கின்றதோ, பற்றறி தீர்ந்ததைக் குறிக்கின்றதோ, ஏரியல் சாய்ந்ததைக் குறிக்கின்றதோ என்பதை எங்ஙனம் அறிவது? ஆகவே குறையொன்றும் இல்லாதபோதும் குறித்த காலத்துக்கொருமுறை உணர்கருவி தன் நிலையை அறிவித்தல் வேண்டும். அவ்வேளை தவறின் கணினி எச்சரித்தல் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் தொடரெண் உண்டு. 41க்குப் பின் 44 வரின் இடையில் இரண்டு இழக்கப்பட்டமை புலனாகும். வாயிலை நிறுவியோர் முதற்சில நாட்களிற் கவனிக்கவேண்டியவை இவ்வெண்களே.

எத்துணை நன்கு அமைப்பினும், கணநேரத்திற் காக்கவேண்டிய இடத்தில் இம்முறையை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது. கொதிகலத்தின் காப்பு வால்வு கொதிகலத்திலேயே இருத்தல் வேண்டும். நிகழ்வதை அறிவித்தலே வானொலியலையின் பணி. அறிந்தவர் விரைந்து செயற்படின் அப்பணி பயன்பெறும்.