இழுத்து மாட்டிய டயர்

ஜப்பானில் யோகோஹாமாத் துறைமுகத்தை ஒட்டி டைகோகு என்று ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. இரவு வேளைகளில் விதவிதமான அலங்காரக் கார்கள் அங்கே வந்து கூடும். அவற்றில் சில, வயிறு தரையில் படுமோ என்று அஞ்சும்படி தாழ்ந்திருக்கும். சக்கரத்தைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை! அகலமான ரிம்மில் குறுகலான டயரை இழுத்து மாட்டியிருப்பார்கள். தங்கையின் ரவிக்கையை அக்காள் போட்டுக்கொண்ட கதைதான்!

ஏன் இந்தச் சிரமம்? காரைத் தாழ்த்தினால் டயரின் தோள் மட்கார்டில் உரசும். இழுத்து மாட்டினால் தோள் உள்ளே சாய்ந்துவிடும். பார்வைக்கும் எடுப்பாயிருக்கும்.

ஆனால் 195/50 ஆர் 15 என்ற டயருக்கு ஏற்றது, 5½ முதல் 7 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்தான். அதை 9 அங்குல ரிம்மில் மாட்டுகிறவர்களும் உண்டு. டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். ரிம்மோ ஏறக்குறைய 229!

டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளேயிருக்கும் காற்று. அந்தக் காற்று குறைந்திருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் விளிம்பு கழன்றுவிடலாம். பள்ளத்தில் இறங்கினாலோ, டயர் தாங்க வேண்டிய அடியை ரிம்மே வாங்கிக்கொள்ளும்.

ஜப்பானில் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டுமென்று விதி இருக்கிறது.

அழகு வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ரவிக்கை கிழிந்தால் ஊசியும் நூலும் போதும். ஓடும் காரில் டயர் கழன்றால்? பின் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கிறதே!