முறிந்த முதுகெலும்புக்கு முட்டு

முதுகின் நடுக்கோட்டில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். கடைசி விலா எலும்புகளைத் தாண்டும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். இதற்கு மேலே, விலாக்கூடு முதுகெலும்பை விறைப்பாகப் பிடித்திருக்கிறது. கீழே அது தாராளமாக வளைகிறது. விறைத்த கோலும் வளையும் கோலும் சேருமிடத்தில் தகைவு குவியும் அல்லவா? உயரத்திலிருந்து விழுவோருக்குப் பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்போ முதல் இடுப்பு முள்ளெலும்போ அடிக்கடி நொறுங்குவது இதனால்தான்.

நொறுங்கியவை எல்லாவற்றிற்கும் அறுவை தேவையில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை செய்த பிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த் 1963-இல் இதை விளக்கினார். முன்புற எலும்பு, அமுக்கத்தைத் தாங்கும் தூண். பின்புறப் பிணைப்பு நார்கள், இழுவிசையைத் தாங்கும் கயிறுகள். குனிந்திருப்பவர் முதுகில் சுரங்கக் கூரை சரிந்தால் உடல் மடங்குவதோடு முறுக்கவும் படுகிறது. தூண் மட்டும் நசுங்கினால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். கயிறுகளும் அறுந்தால் மேலெலும்பு கீழெலும்பின்மீது நழுவும். இடையே செல்லும் நரம்புகள் கத்தரிக்கோலில் அகப்பட்ட நூலாகும்.

அதனால், விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கவே கூடாது. தலையும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, நாலைந்து பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் உருட்டிப் பலகையில் கிடத்த வேண்டும்.

எலும்பு ஒட்டும், அறுந்த நார் பழைய வலுவுடன் கூடுவது அரிது. அந்தக் கயிற்றின் வேலையை உலோகத்திடம் ஒப்படைப்பதே அறுவை. ஹோல்ட்ஸ்வொர்த் முள்ளெலும்பின் பின்முனைகளில் தகடு பொருத்தினார். பிடிமானம் பின்னால் மட்டுமே! பாரிஸ் மருத்துவர் ராய்-கமீல் 1960-களில் திருகாணியைப் பின்னிருந்து எலும்புப் பாலத்தின் வழியே முன்புறத் தூணுக்குள்ளேயே செலுத்தினார். இன்று பரவலாகக் கையாளப்படுவது இம்முறைதான். முன்னும் பின்னும் பற்றுவதால், முறிவுக்கு மேலும் கீழும் சில எலும்புகளைப் பிடித்தாலே போதும். திருகாணிகளைக் கோல்களால் இணைத்து, நழுவிய எலும்பை மெல்ல இடத்திற்குக் கொண்டுவருவார்கள்.

ஆனால் உலோகமும் களைப்படையும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திருப்பீர்கள். கோலின் கதியும் அதுவே. ஆகவே எலும்புத் துணுக்குகளை வைத்து அந்த முள்ளெலும்புகளை ஒன்றாக இணையச் செய்வதும் உண்டு. கோல் ஒடிவதற்குள் எலும்பு ஒட்டியாக வேண்டும்.

நரம்பின் கதை வேறு. தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகே முடிந்துவிடுகிறது. நசுங்கிய தண்டுவடத்தை எந்தத் திருகாணியும் மீட்டுத் தராது. அதற்குக் கீழே குதிரைவால்போல் இறங்கும் நரம்பு வேர்கள் சற்று உறுதியானவை; அழுத்தும் எலும்புச் சிதறலை நீக்கினால் அவை தேறுவதற்கு வாய்ப்பு அதிகம்.