கிரென்ஃபெல் கொக்கி விரிப்புகள்

நியூஃபவுண்ட்லாந்து – லாப்ரடார் (இன்றைய கனடா)
20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி
சாக்குத் துணி, பழைய பட்டுக் காலுறைகள்

சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்குத் துணியின் இழைகளுக்கு நடுவே கொக்கியை நுழைத்து, அடியிலுள்ள துணிக் கீற்றைச் சிறு வளையங்களாக மேலே இழுத்துச் செய்யப்பட்டவை இவை. முடிச்சு எதுவும் கிடையாது. நெருக்கமே வளையங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

மீனவக் குடும்பப் பெண்கள் வீட்டுத் தரைக்காகக் கந்தல் துணியில் செய்துவந்த வேலை இது. மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெலின் தொண்டு அமைப்பு இதை வருமானம் தரும் கைத்தொழிலாக வளர்த்தது. 1920களில் கிழிந்த பட்டுக் காலுறைகளை வெளியூர்களிலிருந்து நன்கொடையாகக் கேட்டுப் பெற்று, சாயமேற்றி, கீற்றுகளாக நறுக்கிப் பயன்படுத்தினர்.

பனிக்கரடி, நாய்கள் இழுக்கும் பனிவண்டி, பாய்மரக் கப்பல் ஆகியவை அடிக்கடி வரும் உருவங்கள். கிட்ட நின்று பார்த்தால் வளையங்கள் நேர்க்கோட்டு வரிசைகளாக ஓடுவது தெரியும். மெல்லிய பட்டு என்பதால் ஒரு சதுர அங்குலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வளையங்கள் அடங்கின. கைத்திறனைக் கரடியில் தேடுவதைவிட வானத்தில் தேடுவது நல்லது: ஒரு நீலம் அடுத்த நீலத்தில் கரையும் இடத்தில் விளிம்பே தெரியாது.

பலர் இவற்றைத் தரையில் விரிக்காமல் சுவரில் மாட்டினர். பல விரிப்புகளின் பின்புறம் ‘கிரென்ஃபெல் லாப்ரடார் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற துணிச் சீட்டு தைக்கப்பட்டிருக்கும்.