கடைசிச் சுற்று வரை காது கொடுத்தவர்கள்: ஒரு சிறு செயற்கைக்கோளின் முடிவும் நம் பிள்ளைகளுக்கான வாய்ப்பும்

2023 நவம்பர் 13 அன்று டெல்ஃபி-சி3 என்ற சிறு செயற்கைக்கோள் பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைந்து எரிந்துபோனது. எடை சுமார் 2.2 கிலோதான். அளவில் ஒரு செங்கல்லை விடச் சற்றே பெரியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது அது. ஆனால் அது விண்ணுக்குப் புறப்பட்ட இடம் நம் சென்னைக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா. 2008 ஏப்ரல் 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-9 ராக்கெட் ஒரே பயணத்தில் கொண்டுசென்ற 10 செயற்கைக்கோள்களில் இதுவும் ஒன்று.

இந்தச் செயற்கைக்கோளுக்குப் பேட்டரி கிடையாது. வெயில் பட்டால் பேசும், நிழலுக்குள் போனால் மௌனமாகிவிடும். அளந்ததைச் சேமித்து வைக்கவும் அதில் வசதி இல்லை. அந்த நேரத்தில் கீழே யார் இருக்கிறார்களோ அவர்கள் கேட்டுப் பதிவு செய்தால் உண்டு, இல்லையென்றால் போனதுதான். அப்படிக் கேட்டுப் பதிவு செய்தவர்கள் உலகின் பல நாடுகளில் இருந்த ஹாம் வானொலி ஆர்வலர்கள். சம்பளம் வாங்காத இந்தத் தன்னார்வலர்கள், அதன் கடைசி நாள்கள் வரை அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள்.

ஏன் விழுகிறது?

காற்று ஒரு குறிப்பிட்ட உயரத்தில் சட்டென்று முடிந்துவிடுவதில்லை. 500 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மிக மெல்லியதாகக் காற்று இருக்கிறது. நொடிக்கு 7.5 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடும் பொருளை அந்த மெல்லிய காற்று ஒவ்வொரு சுற்றிலும் உரசுகிறது. உரச உரச உயரம் குறைகிறது. உயரம் குறையக் குறையக் காற்று அடர்த்தியாகி, உரசலும் கூடுகிறது. அதனால்தான் முதல் 100 கிலோமீட்டர் இறங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். கடைசி 100 கிலோமீட்டர் இறங்கச் சில நாள்களோ சில மணி நேரமோ போதும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். 2012 ஏப்ரல் 18 அன்று அது காற்று மண்டலத்துக்குள் நுழைந்து முடிந்தது. டெல்ஃபி 15 ஆண்டுகளுக்கு மேல் சுற்றியது, அனுசாட்டுக்கு மூன்று ஆண்டுகள்தான் கிடைத்தன. டெல்ஃபி 600 கிலோமீட்டருக்கு மேலே தொடங்கியது. அனுசாட்டின் பாதை அதைவிடத் தாழ்வானது.

நேரத்தை ஏன் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை?

கிரகணத்தை நிமிடம் பிசகாமல் கணிக்கும் விஞ்ஞானிகள், விழும் செயற்கைக்கோளின் நேரத்தைச் சொல்லத் தயங்குவது ஏன்? காரணம் சூரியன். சூரியனின் சீற்றம் கூடும்போது மேல் காற்று மண்டலம் சூடாகி உப்புகிறது. நேற்று மெல்லியதாக இருந்த உயரத்தில் இன்று காற்று அடர்த்தியாகிவிடுகிறது. செயற்கைக்கோள் உருண்டு புரளும்போது காற்றை எதிர்க்கும் அதன் பரப்பும் மாறிக்கொண்டே இருக்கும்.

மிச்சமிருக்கும் காலத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை கணிப்பு தவறலாம் என்பது பொதுவான கணக்கு. பத்து மணி நேரம் மிச்சமிருந்தால் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அது ஓடும் தூரம் சுமார் 28,000 கிலோமீட்டர். அதாவது இந்தியாவா, பசிபிக் கடலா என்றே சொல்ல முடியாது.

"இன்று இரவு நம் ஊர் மேல் செயற்கைக்கோள் விழப் போகிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம் வீடுகளில் பலர் அப்படியே பகிர்ந்துவிடுகிறோம். மேலே சொன்ன கணக்கைப் புரிந்துகொண்டால், இவ்வளவு முன்கூட்டியே ஊர்ப் பெயரோடு வரும் செய்தி எவ்வளவு பொய்யானது என்பது விளங்கும். இரண்டு கிலோ செயற்கைக்கோள் தரைக்கு வருமுன் எரிந்துவிடும். பெரிய ராக்கெட்டின் பாகங்கள்தான் சில நேரம் தரையைத் தொடுகின்றன. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் கிடைத்த உலோக வளையம் அந்த வகையைச் சேர்ந்தது.

தன்னார்வலர்கள் செய்த வேலை என்ன?

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பதை அமெரிக்காவின் ரேடார்கள் கண்காணித்து, அதன் பாதையை எண்களாக வெளியிடுகின்றன. ஆனால் அது உயிரோடு இருக்கிறதா, உள்ளே எவ்வளவு சூடு, மின்சாரம் வருகிறதா என்பதை ரேடார் சொல்லாது. அதன் குரலைக் கேட்பவர்தான் சொல்ல முடியும்.

குரலிலிருந்து பாதையையும் சரிபார்க்கலாம். ஹார்ன் அடித்தபடி வரும் பஸ் நம்மைக் கடக்கும்போது சத்தத்தின் சுருதி இறங்குவதைக் கவனித்திருப்போம். செயற்கைக்கோளின் அலையும் அப்படித்தான். டெல்ஃபி பேசிய அலைவரிசை 145.867 மெகாஹெர்ட்ஸ். நெருங்கி வரும்போது அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கூடிக் கேட்கும், விலகிப் போகும்போது அதே அளவு குறைந்து கேட்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அலைவரிசையில் கேட்கும் நொடியில்தான் அது நமக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்த நொடியைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, கணிப்போடு ஒப்பிடுகிறார்கள். விழப் போகும் செயற்கைக்கோள் கணிப்பைவிட முன்னதாக வந்துவிடும். காற்று தடுத்தால் தாமதம் அல்லவா ஆக வேண்டும் என்று தோன்றும். உயரம் குறைவதால் வட்டம் சிறுத்துவிடுகிறது, வேகமும் கூடுகிறது. 635 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 97 நிமிடம் ஆனது, 200 கிலோமீட்டரில் 88 நிமிடமாகிவிடும். எத்தனை நொடி முந்தி வருகிறது என்பதே அது எவ்வளவு இறங்கிவிட்டது என்பதற்கு அளவு.

பந்தல்குடி வானத்துக்கு என்ன வேலை?

600 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பந்தல்குடியிலிருந்து கேட்டால், அது டெல்லிக்கும் அப்பால் இருக்கும்போதே நம் தொடுவானத்தில் எட்டிப்பார்க்கும். 200 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால் நாக்பூரைச் சற்றுத் தாண்டிய தூரம் வரைதான் எட்டும். முன்பு பதின்மூன்று நிமிடம் வரை கேட்டது, இப்போது ஏழு நிமிடம்கூடத் தாண்டாது. கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொரு நிலையத்தின் எல்லையும் இப்படிச் சுருங்குவதால், இடையில் யாருமே கேட்காத பகுதிகள் பெருகுகின்றன. துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஐரோப்பாவின் வடக்கே இருப்பவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும். பூமத்திய ரேகைக்கு அருகே, சுமார் 9.4 பாகையில் இருக்கும் நமக்குக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே இங்கிருந்து வரும் ஒரு பதிவு கூடுதல் மதிப்புள்ளது.

இதற்கு வசதியான இடமும் நம்மிடம் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் மலையோ உயர்ந்த கட்டடமோ மறைக்காத வானம் விரிந்து கிடக்கிறது. மழையை எதிர்பார்த்தே வானத்தைப் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. டிவி பார்ப்பதற்காக வந்த சிறு யு.எஸ்.பி. ரிசீவர், ஒரு லேப்டாப், அரை மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை V வடிவில் வைத்த ஆன்டெனா, சரியான நேரம் காட்டும் கடிகாரம் இருந்தால் கேட்கத் தொடங்கலாம். வானொலியில் நாமும் பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். கருவி வாங்குமுன் உரிமம் பெற்ற ஹாம் ஒருவரின் வழிகாட்டலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குமரி மாவட்டத்தின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் உருவாக்கிய 15 கிலோ நியூசாட் 2017 ஜூன் 23 அன்று விண்ணுக்குப் போனது. செயற்கைக்கோள் செய்வது எல்லோருக்கும் எளிதல்ல. கேட்பதற்கு ஒரு மொட்டை மாடி போதும், பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே செய்யலாம்.

இந்த வேலைக்கு விலை உயர்ந்த கருவியைவிட நேர்மையான பதிவேடு முக்கியம். பிறை பார்க்க மேற்கே கண் பதித்து நிற்பவர், கண்டால் கண்டேன் என்றும் காணாவிட்டால் காணவில்லை என்றும்தான் சொல்ல வேண்டும். இங்கேயும் அதே ஒழுக்கம்தான். வெயிலில் இருந்திருக்க வேண்டிய செயற்கைக்கோள், வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்ற குறிப்பும் ஒரு தகவலே. ஒருவர் கடைசியாகக் கேட்ட நேரமும், அடுத்தவர் கேட்காமல் போன நேரமும் சேர்ந்துதான் முடிவு எப்போது நேர்ந்திருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டுகின்றன. வந்த செய்தியை ஆராயாமல் பரப்பும் பழக்கம் மலிந்த காலத்தில், தான் கேட்டதை மட்டும் நேரத்தோடு எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றினால், அது செயற்கைக்கோளோடு நின்றுவிடாது.