ஃபாஸ்ட் (ஆங்கிலச் சொல்)

ஃபாஸ்ட் என்பது விரைவு, உறுதி, நோன்பு ஆகிய மூன்று பொருள்களில் வழங்கும் ஆங்கிலச் சொல். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே. பொருளை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

தாம்பரம் வட்டாரத்தில் வழக்கு

கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இத்தடத்தில் சில நிலையங்களில் மட்டும் நின்று செல்லும் வண்டியை மக்கள் ‘ஃபாஸ்ட்’ என்பர். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ‘ஃபாஸ்டிங்’ என்றாலோ, உண்ணாமல் வர வேண்டும் என்று பொருள்.

பொருள் வளர்ந்த விதம்

பழைய ஆங்கிலத்தில் இதன் முதற்பொருள் ‘உறுதியான’ என்பதே. உறுதியாக ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தல் என்பதிலிருந்து நோன்பு என்ற பொருள் வந்தது. விடாமல் ஊக்கத்துடன் ஓடுதல் என்பதிலிருந்து விரைவு என்ற பொருள் கிளைத்தது. தமிழிலும் இதற்கு இணை உண்டு: நோன்பு என்ற சொல், வலிமை, பொறுமை எனப் பொருள்படும் ‘நோன்மை’யோடு வேர்த் தொடர்புடையது.

பயன்பாடு

• விரைவு: ‘ஃபாஸ்ட் பவுலர்’ – வேகப்பந்து வீச்சாளர். கடிகாரம் ‘ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்’ என்றால் ஐந்து நிமிடம் முன்னதாகக் காட்டுகிறது என்று பொருள்.
• உறுதி: ‘கலர்ஃபாஸ்ட்’ – சாயம் போகாத துணி. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ – ஆழ்ந்த உறக்கம். விரைவில் உறங்குதல் அன்று.
• நோன்பு: ‘பிரேக்ஃபாஸ்ட்’ – இரவு நோன்பை முறிக்கும் காலை உணவு. தமிழ்நாடு எனப் பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-இல் சங்கரலிங்கனார் உயிர்துறந்த உண்ணாநோன்பும் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ எனப்படும்.

மாணவர் செய்யும் பிழை

தமிழில் ‘வேகம்’ என்பது ‘ஆக’ சேர்ந்து ‘வேகமாக’ என வினையடையாகும். அவ்வழக்கத்தில் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதுவோர் பலர். இக்கால ஆங்கிலத்தில் அது பிழை. ‘ஃபாஸ்ட் டிரெயின்’, ‘ரன் ஃபாஸ்ட்’ என இரண்டிடத்தும் சொல் மாறாது.

கவனிக்க வேண்டியது

நம் விரத நாள்களில் பாலும் பழமும் கொள்வது பல வீடுகளில் வழக்கம். சர்க்கரைப் பரிசோதனைக்குரிய ‘ஃபாஸ்டிங்’ அத்தகையதன்று. குறைந்தது 8 மணி நேரம் உணவு, பால், காபி எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் அருந்தலாம். ‘ஒரு வாய் காபிதானே’ என்று குடித்துவிட்டுச் சென்றால் சர்க்கரை அளவு கூடித் தெரியலாம். அதைக் கொண்டு எடுக்கும் மருத்துவ முடிவும் தவறாகலாம். வீட்டில் முதியோர் பரிசோதனைக்குச் செல்லும்போது, ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் இச்சொல்லின் பொருளை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நன்று.