நிமோனியாவும் இருவகை மருந்தும்

காய்ச்சல் தணிந்தால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது நம் மக்களின் இயல்பு. எருமப்பட்டி முதலிய நாமக்கல் சீமையின் ஊர்களிலும், பெருநகரங்களிலும் இவ்வெண்ணம் ஒன்றுபோலவே நிலவுகின்றது. நிமோனியா என்னும் நுரையீரல் நோயில் இது உயிருக்கே கேடாய் முடிதல் கூடும். ஆதலின், கடும் நிமோனியாவில் வைத்தியர் இருவகை மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறையையும் அதன் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் கிருமிகள் பெருகுங்கால், அவற்றை எதிர்க்க இரத்தத்தின் வெள்ளணுக்கள் திரளுகின்றன. நீரும் சீழும் அறைகளை நிரப்புகின்றன. மூச்சிழுத்தும் பிராணவாயு இரத்தத்தில் போதிய அளவு கலப்பதில்லை. எனவே நோயாளிக்குப் பகை இரண்டு: ஒன்று கிருமி, மற்றொன்று கிருமியை எதிர்த்தெழுந்த அழற்சியின் மிகுதி.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். நள்ளிரவில் ஒரு குடியானவர் வீட்டில் திருடன் புகுந்தான். கூக்குரல் கேட்டு ஊரார் தடியோடு ஓடிவந்தனர். இருளில் திருடன்மேல் விழுந்த அடியினும் பானைகள்மேலும் குதிர்மேலும் விழுந்த அடியே அதிகம். அங்கே திருடனைப் பிடிக்கவல்ல காவலனும், கூட்டத்தை அமர்த்தவல்ல ஊர்ப்பெரியவரும் வேண்டுமன்றோ? காவலனே ஆன்டிபயாட்டிக், பெரியவரே கார்ட்டிகோஸ்டிராய்டு.

பிரான்சு தேசத்தில் கடும் நிமோனியா கண்டோரிடை நடந்த சோதனையொன்றின் முடிவு 1923இல் அன்று, அண்மையில் 2023இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்ற 400 பேரில் 28 நாட்களுக்குள் 25 பேர் இறந்தனர். அது பெறாத 395 பேரில் 47 பேர் இறந்தனர். பயன் தெளிவே. ஆயினும் இன்புளூயன்சாவால் நேர்ந்த நிமோனியா அச்சோதனையிற் சேர்க்கப்படவில்லை என்பதும் கருதற்பாலது.

இனி, காவலனையே ஏய்க்கவல்ல திருடன் வந்தால் என்னாகும்? கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் முதலிய கிருமிகளுள் பல இன்று வலிய மருந்துகளுக்கும் அடங்குவதில்லை. ஸ்டிராய்டு கிருமியைக் கொல்லாது. உரிய ஆன்டிபயாட்டிக் இன்றி அதனைக் கொடுப்பின், காய்ச்சல் தணியும்; முகந்தெளியும்; உள்ளே கிருமியோ தடையின்றிப் பெருகும். ஊரார் அமர்ந்தனர், திருடன் வீட்டினுள்ளேயே இருக்கின்றான்! ஆகையால் சளியைச் சோதனைச்சாலையில் வளர்த்து, எம்மருந்திற்கு அக்கிருமி அடங்கும் என அறிதல் தலையாய கடனாகும். 2021இல் கொரோனா நோயாளர் பலரைக் கரும்பூஞ்சை பற்றியதற்கு நீரிழிவோடு ஸ்டிராய்டின் மிகையான உபயோகமும் காரணமாயிற்று.

கிருமிகள் இவ்வன்மையைப் பெற்றது எங்ஙனம்? பெனிசிலினைக் கண்ட பிளெமிங் பண்டிதரே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமி அதனைத் தாங்கப் பழகிவிடும் என 1945இல் எச்சரித்தார். பிற மருந்துகள் பயன்படாதவிடத்து, சிறுநீரகத்திற்குத் தீங்கு நேரினும் நேருக என்று வைத்தியர் கையாளும் மருந்து கோலிஸ்டின். அதனை உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுத்தலை இந்திய அரசாங்கம் 2019இல் தடுத்தது. கோழிப்பண்ணைகள் மலிந்த நாமக்கல் சீமைக்கு இஃது அயலார் செய்தியன்று.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நாம் வீட்டாருக்குச் சொல்லத்தக்கவை மூன்று: மருந்துக்கடையில் தாமே கேட்டு ஸ்டிராய்டு மாத்திரை வாங்கற்க, வைத்தியர் குறித்த ஆன்டிபயாட்டிக்கை அவர் குறித்தவாறே உண்க, மூச்சு வாங்கினால் காலந்தாழ்த்தாது ஆஸ்பத்திரி செல்க. கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காக்குமாயின், அதனினும் சிறந்த பட்டம் வேறு யாதுளது?